உய்த்துணர்தல்: சொல்லும் பொருளும்

கதையில் எழுதியிருப்பதைக் கொண்டு எழுதாமல் விட்டதை அறிந்துகொள்வது உய்த்துணர்தல். மொரீஷியஸின் தொடக்கப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளிடம் கதை சொல்லிவிட்டு, "ஊகித்துச் சொல்" என்று கேட்டால், வீட்டில் கிரியோல் மொழி பேசி வளரும் அவர்கள் அதைத் 'தெவினே' (குத்துமதிப்பாகச் சொல்) என்று எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். ஊகம் என்ற சொல்லே அதற்கு இடங்கொடுக்கிறது. சான்று இல்லாமலும் ஊகிக்கலாம் அல்லவா?

இதற்கு வழங்கும் இன்னொரு சொல்லான அனுமானம் வடசொல். 'அனு' என்பது பின் தொடர்தலையும் 'மானம்' என்பது அளவையையும் குறிக்கும். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை இதனைக் 'கருதல்' என்கிறது. ஆனால் இன்று கருதுதல் என்றால் எண்ணுதல் என்றே பொருள்படுவதால், வகுப்புக்கு அது உதவாது. உய்த்தல் என்பதற்குச் செலுத்துதல், கொண்டுசெல்லுதல் என்று பொருள். கண்ட குறிப்பிலிருந்து காணாத பொருளுக்கு அறிவைச் செலுத்தி உணர்வதே உய்த்துணர்தல் என்பதால், எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதையும் இச்சொல் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இலக்கணத்தில் இதற்கு நெடிய வேர் உண்டு. தொல்காப்பிய மரபியல் நூல் எழுதுவதற்குக் கூறும் 32 உத்திகளுள் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' ஒன்று. நன்னூலின் 32 உத்திகளுள் இறுதியானது 'உய்த்துணர வைப்பு'. நன்னூலை இயற்றிய பவணந்தியார் ஆண்ட இந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. படிப்பவர் தாமே உணரும்படி பொருளை வைப்பது எழுதுபவரின் கடமை என்பதை அது சொல்கிறது. பிள்ளைகளுக்குக் கதை எழுதும் ஆசிரியர்களும் இக்கடமையை ஏற்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கிவிட்ட கதையில் உய்த்துணர ஒன்றும் மிஞ்சாது.

ஒரு சிறு கதையைப் பார்ப்போம். "பாட்டி வாசலிலிருந்த செடித் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். அப்பா மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கி வந்தார். அம்மா வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தார். தம்பி மட்டும், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று துள்ளிக் குதித்தான்." சூறாவளி என்ற சொல் எங்கும் இல்லை, ஆயினும் இத்தீவின் பிள்ளை உடனே "சிக்லோன்" என்று சொல்லிவிடும். ஒரு பிள்ளை "பிறந்தநாள்" என்று சொன்னால், தவறு என்று தள்ளிவிடாமல், எந்த வரி அப்படிச் சொல்ல வைத்தது என்று கேட்க வேண்டும். மெழுகுவத்தியைக் காட்டும். "அப்படியானால் தொட்டிகளை ஏன் உள்ளே எடுத்தார்கள்?" என்று அடுத்துக் கேட்டால், ஒரு குறிப்புக்கு மட்டும் பொருந்திய விடையை அது தானே கைவிடும். சொந்த அனுபவமும் கதையின் வரியும் சேர்ந்தால்தான் உய்த்துணர்வு நிகழும் என்பதால், முதற்கதைகள் பிள்ளை வாழும் ஊரைச் சார்ந்திருப்பது நல்லது. பனிப்பொழிவுக் கதை பிறகு வரட்டும்.

இத்தீவின் 'சிரந்தான்' விடுகதைகளும் இதற்கு நன்கு உதவும். "நிற்கிற தண்ணீர் எது?" என்றால் விடை, சாற்றோடு நிமிர்ந்து நிற்கும் கரும்பு. மழை என்றால் தண்ணீர் பொருந்தும், நிற்பது பொருந்தாது.

கலைச்சொல்லாக எழுதும் இடங்களில் உய்த்துணர்தல், உய்த்துணர் வினா என்றே எழுதலாம். சிறு வகுப்பில் இச்சொல் நாவுக்குக் கடினமாக இருந்தால், "குறிப்பைக் கொண்டு கண்டுபிடி" என்று சொல்வது போதும். 'குறிப்பைக் கொண்டு' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது.