முடிச்சில்லாத வலை: பனியன் துணியும் தையல் பிழைகளும்

பாம்பனில் கடல்பாசி எடுக்கப் போகும் என் சின்னம்மாவுக்கு நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த முழுக்கை பனியன் ஒரே நாளில் அக்குளில் பிரிந்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறிக்கும் பெண்கள், பாறை உடலைக் கிழித்துவிடாதபடி உடைக்கு மேலே பனியனோ சட்டையோ போட்டுக்கொள்வது இந்தக் கரையில் எல்லோரும் அறிந்த வழக்கம். "ரெண்டு கையையும் நீட்டி ஒரு முங்கு முங்குனேன், படார்னு விட்டுருச்சு தாயி" என்று சொல்லி அவர் கொடுத்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோது, துணியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. அறுந்திருந்தது நான் போட்ட தையல் நூல் மட்டுமே. ஜாக்கெட்டும் பாவாடையும் ஆண்டுக்கணக்கில் தைத்துப் பழகிய அதே கை, அதே மெஷின், அதே நூல். ஜாக்கெட்டில் நிற்கும் தையல் பனியனில் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கிய பிறகுதான், தையலில் நேரும் ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு காரணம் இருப்பது எனக்குப் புரிந்தது.

நெய்த துணியில் பாவு நூல்கள் நெடுக்காகவும் ஊடை நூல்கள் குறுக்காகவும் ஏறக்குறைய நேராகக் கிடக்கின்றன. அவற்றின் திசையில் இழுத்தால் நூலே நீள வேண்டும். ஆனால் பருத்தி இழை தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீள்வதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். பனியன் துணியின் கதை வேறு. அதில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியின் வழியே நுழைந்து நிற்கிறது. அகலவாட்டில் இழுக்கும்போது கண்ணியின் நிமிர்ந்த கால்கள் சரிந்து, அவற்றிலிருந்த நூல் கண்ணியின் தலைப்பகுதிக்கு நழுவிப் போகிறது. நூல் நீளாமலேயே துணி நீள்கிறது. மெல்லிய பருத்தி பனியன் துணி அகலவாட்டில் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ நீள்வதற்கும், நீளவாட்டில் அவ்வளவு கொடுக்காததற்கும் கண்ணியின் இந்த வடிவமே காரணம்.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. மீன்வலையை ஒரு பக்கமாக இழுத்தால் கண்கள் ஒடுங்கி நீள்வதையும், மறுபக்கம் சுருங்குவதையும் நாம் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறோம். பனியன் துணியும் அப்படியே நடந்துகொள்கிறது. ஆனால் வலையில் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நண்டு ஒரு கண்ணை அறுத்துவிட்டாலும் பக்கத்து முடிச்சுகள் இறுகி நிற்பதால், ஓட்டை அந்த இடத்தோடு நின்று, பொத்துவதற்குக் காத்திருக்கும். பனியன் துணியில் ஒரு முடிச்சும் இல்லை. ஒரு கண்ணி அறுந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நின்ற அடுத்த கண்ணிக்குப் பிடிப்புப் போய்விடுகிறது. அது அவிழ, அதற்கடுத்ததும் அவிழ, ஏணிப்படி போல ஒரு நீண்ட பிரிவு உண்டாகிறது. நீட்சியைத் தருவதும் இந்த முடிச்சின்மை, ஓட்டையைப் பெரிதாக்குவதும் இதே முடிச்சின்மை. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589ஆம் ஆண்டில் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கிய நாளிலிருந்து இன்று திருப்பூரில் சுழலும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் வரை, கண்ணிக்குள் கண்ணியை இழுக்கும் அடிப்படை மாறவில்லை.

இனி அக்குளில் அறுந்த நூலுக்கு வருவோம். பிரியாமல் மிஞ்சியிருந்த தையலில் 10 சென்டிமீட்டரை அடையாளமிட்டு, மேல்நூலை மெதுவாக உருவி நீட்டி அளந்தேன். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இருந்தது. மீந்திருந்த கட்பீஸில் அதே 10 சென்டிமீட்டரைக் குறித்து, அகலவாட்டில் கை நோகாத அளவுக்கு இழுத்தால் 16 சென்டிமீட்டர் வரை போயிற்று. துணி 16 வரை போக விரும்புகிறது, நூலோ 12 சென்டிமீட்டரும் தன் சொந்த நீட்சியால் கிடைக்கும் சிறிதளவும் மட்டுமே வைத்திருக்கிறது. கை உயரும்போது யார் முதலில் தோற்பார் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன.

நேர்த்தையலில் அந்தக் கூடுதல் 2 சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தீர்வும் அதற்குள்ளேயே கிடைக்கிறது. வீட்டு மெஷின் போடும் பூட்டுத்தையலில் மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே ஒவ்வொரு தையலிலும் மேல்நூல் துணியின் மேல் நேராகக் கிடக்கும் பகுதியும், துணிக்குள் இறங்கி ஏறும் பகுதியும் சேர்ந்தே செலவாகிறது. இறங்கி ஏறும் பகுதி, அழுந்திய இரண்டு மடிப்பு மெல்லிய துணியில், தையலுக்கு அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். தையலின் நீளம் 2.5 மில்லிமீட்டரானால் மொத்தம் 3 மில்லிமீட்டர் நூல், அதாவது நூற்றுக்கு 20 மிச்சம். அதே தையலை 1.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 2 மில்லிமீட்டர் நூல்; மிச்சம் நூற்றுக்கு 33 ஆகிவிடுகிறது. சிறு தையல் அதிகம் நீளக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஜிக்ஜாக் தையல் இதைவிட நன்றாக உதவுகிறது. 2 மில்லிமீட்டர் முன்னும் 2 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் நகரும் தையலில் நூல் கிடக்கும் சாய்வுக்கோடு, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி, ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். அதனுடன் இறங்கி ஏறும் அரை மில்லிமீட்டரைச் சேர்த்தால் 3.3. பத்து சென்டிமீட்டர் தையலில் இப்போது பதினாறரை சென்டிமீட்டர் நூல் இருக்கிறது; துணி போகும் தூரத்துக்கு நூலும் கூடப் போகும். ஜிக்ஜாக் இல்லாத பழைய கால்மிதி மெஷின்தான் இந்தக் கரையில் பல வீடுகளில் இருக்கிறது. அதில் தைப்பவர்கள் தையலை 1.5 மில்லிமீட்டருக்குக் குறைத்து, மேல்நூலின் டென்ஷனையும் பாபின் கேஸின் திருகையும் சற்றே தளர்த்தி, பருத்தி நூலுக்குப் பதிலாகப் பாலியஸ்டர் நூலைப் போட்டு, தைக்கும்போது துணியை, அதை மேலிருந்து அழுத்தும் ஃபூட்டின் முன்னும் பின்னும் சீராகப் பிடித்துச் சிறிது இழுத்துக் கொடுத்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கம்பெனிகளில் போடும் ஓவர்லாக் தையல் ஏன் அறுவதில்லை என்பதும் இங்கே விளங்கும். அதில் நூல்கள் விளிம்பைச் சுற்றிக் கண்ணிக்குள் கண்ணியாகவே செல்கின்றன. துணியைப் போலவே தையலும் ஒரு பின்னல்.

இரண்டாவது பனியனில் நான் கண்ட பிழை இதைவிட வஞ்சகமானது. தைத்து முடித்தபோது தோள் தையல் கண்ணாடிபோல் நேர்த்தியாக இருந்தது. முதல் சலவைக்குப் பிறகு தையலை ஒட்டி வரிசையாகச் சிறு ஓட்டைகள் தோன்றின. சலவையில் கிழிந்தது என்று முதலில் எண்ணினேன். உண்மையில் தைக்கும்போதே கூர்முனை ஊசி கண்ணியின் நூலைக் குத்தி அறுத்திருக்கிறது. அறுந்த முனைகள் பக்கத்துக் கண்ணிகளின் உராய்வினால் அதே இடத்தில் அசையாமல் நின்றிருக்கின்றன. நீரும் கசக்கலும் அந்த உராய்வைத் தளர்த்தியவுடன் நழுவிவிட்டன. நெய்த துணிக்கான ஊசியின் முனை கூரானது, அது நூலின் ஊடாகவே போகலாம். பனியன் துணிக்கான ஊசியின் முனை மிக நுண்ணிய அளவில் உருண்டை. அது நூலின் மேல் பட்டதும் வழுக்கி, இரண்டு நூல்களுக்கு இடையிலுள்ள வெளியில் இறங்குகிறது. தடிமனும் முக்கியம். ஊசி உறையில் 75/11 என்று போட்டிருந்தால் முதல் எண் ஊசித்தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் சொல்கிறது, அதாவது 0.75 மில்லிமீட்டர். ஜாக்கெட் துணிக்குப் போடும் 100/16 ஊசி ஒரு மில்லிமீட்டர். மெல்லிய பனியன் துணியின் கண்ணிக்குள் ஒரு மில்லிமீட்டர் ஊசி நுழைந்தால், கண்ணி விரிவதற்குள் நூல் தெறித்துவிட வாய்ப்பு அதிகம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் திவலையின் உப்பு ஜன்னல் கம்பி முதல் மெஷினின் ஊசி வரை படிகிறது. கடலுப்பில் சாதாரண உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 33 அளவைத் தாண்டினாலே அது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாள் இந்தக் கரையில் அரிது. ஆகவே உப்புப் படிந்த ஊசியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது, இரும்பு துருப்பிடிக்க அதற்குமேல் என்ன வேண்டும்? துருப்பிடித்த முனை உருண்டையாக இருந்தாலும் அரம் போலச் சொரசொரத்துக் கண்ணியை அறுக்கும். ஊசிகளை மெஷின் எண்ணெய் தொட்ட துணியில் சுருட்டி மூடி இறுக்கமான டப்பாவில் வைப்பதும், ஒவ்வொரு பனியனையும் தொடங்கும் முன் முனையை விரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துக் கீறல் விழுகிறதா என்று பார்ப்பதும் எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டன. கட்பீஸில் ஒரு சாண் தைத்து, தையலுக்குக் குறுக்காகப் பலமாக இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சலவைக்குப் பிறகு தெரியப்போகும் ஓட்டைகள் அப்போதே தெரிந்துவிடும்.

சில இடங்களில் தையல் விழாமல் தாண்டிப் போவதும் ஊசியோடு தொடர்புடையதே. ஊசி அடிமட்டத்தைத் தொட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழும்போது, துணியின் பிடிப்பால் நூல் ஊசியோடு உடனே ஏற முடியாமல், காதுக்கு மேலுள்ள குழிவின் பக்கம் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அடியில் பாபினைத் தாங்கும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் ஒரு தையல் உருவாகும். பனியன் துணி இளகியது. அது ஊசியை ஒட்டிக்கொண்டு தானும் மேலே எழும்பிவிட்டால் வளையம் பிதுங்க இடமில்லை, ஷட்டில் வெறுமனே சுற்றிப் போய்விடுகிறது. புது ஊசி போட்டதுமே பல நேரம் இந்தத் தொல்லை நீங்கிவிடுவது, வழவழப்பான தண்டைத் துணி அவ்வளவாக ஒட்டாததால்தான். அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுப்பதும் துணியை எழும்பவிடாமல் நிறுத்தும்.

அந்தத் தாள் இன்னொரு பிழைக்கும் மருந்து. கீழ்மடிப்பைத் தைத்து முடித்துப் பார்த்தால் விளிம்பு அலை அலையாக நெளிந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். மேலிருந்து ஃபூட் அழுத்திப் பிடிக்கிறது, கீழிருந்து பல் துணியைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே துணி இழுபட்டு நீண்ட நிலையிலேயே நூல் அதைப் பூட்டிவிடுகிறது. ஃபூட்டின் அழுத்தத்தைத் திருகிக் குறைப்பதே நேரான வழி. ஏற்கெனவே நெளிந்துவிட்டதென்றால், துணியை இழுக்காமல் கிடத்தி, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். நீராவி பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்த, கண்ணிகள் தம் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. காயும்போது பிணைப்புகள் அந்த வடிவத்திலேயே மீண்டும் அமைகின்றன.

இதே தளர்வுதான் வேறோர் இடத்தில் நம்மைக் கவிழ்க்கிறது. பனியன் துணி சாயமிட்டு உலர்த்தி உருளையில் சுற்றப்படும் வரை நீளவாட்டில் இழுபட்டே வருகிறது. வீட்டில் முதன்முதலாக நனையும்போது இழைகள் உப்பி, நூல் பருத்து, இழுபட்ட கண்ணிகள் தம் இயல்பான வடிவத்தைத் தேடிச் சுருங்குகின்றன. வெட்டும் முன் துணியில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து, துவைத்து, தரையில் பரப்பிக் காயவைத்து அளந்துபாருங்கள். 20 என்பது 18.5 ஆகியிருந்தால் நீளத்தில் நூற்றுக்கு ஏழரை போய்விட்டது. இதைச் செய்யாமல் வெட்டிய பனியன், இரண்டு சலவைக்குப் பின் இடுப்புக்கு மேலே ஏறிவிடும். கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் நீரின் எடை கண்ணிகளை மறுபடியும் கீழே இழுத்து வைத்துவிடும், அளவும் பொய்யாகும்.

அந்தச் சதுரம் சாய்ந்த நாற்கரமாக மாறினால் அதையும் கவனிக்க வேண்டும். முறுக்கேறிய நூல் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ளத் திரும்ப முயல்கிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கமாகப் பார்த்து நிற்கும் சிங்கிள் ஜெர்சியில் அந்தத் திருகலை எதிர்க்க ஆளில்லை. சில மலிவான பனியன்களில் பக்கத் தையல் நாளடைவில் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடுவது இதனால்தான். தைத்தவரின் கை கோணல் என்று நினைப்பது அநியாயம். முன்னும் பின்னும் கண்ணிகள் சமமாக அமைந்த இன்டர்லாக் துணியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்வதும் இல்லை.

கழுத்துப்பட்டிக்கு, வரிவரியாகப் பின்னிய ரிப் துணியைக் கழுத்து வளைவைவிட நூற்றுக்கு 15 முதல் 20 வரை குறைத்து வெட்ட வேண்டும். சம அளவில் வைத்தால் கழுத்து வாய் பிளந்து நிற்கும்.

சின்னம்மாவின் மூன்றாவது பனியனை இன்டர்லாக் துணியில், துவைத்து உலர்த்திய பின் வெட்டி, 75/11 உருண்டைமுனை ஊசியில், ஜிக்ஜாக் உள்ள பக்கத்து வீட்டு மெஷினில் தைத்தேன். அக்குளில் மட்டும் உள்ளங்கை அளவில் சாய்சதுரத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தேன், கை உயரும்போது வேண்டிய நீளத்தில் ஒரு பங்கைத் துணியின் பரப்பே கொடுத்துவிடட்டும் என்று. பாசிக்குப் போய்வந்த ஒவ்வொரு மாலையும் அதை நல்ல தண்ணீரில் அலசி, தையலை விரித்துப் பார்த்து, அவர் எனக்குச் சொல்லியனுப்புகிறார்.