முற்றத்தில் கெந்துகிற பிள்ளை கிளினிக்கில் ஏன் தள்ளாடுகிறது?

மாங்குளத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "நாலு வயது மகன் முற்றம் முழுக்கக் கெந்தித் திரியிறான். கிளினிக்கில ஒற்றைக்காலில நிக்கச் சொன்னா மூண்டு செக்கன்கூட நிக்கேல்லை. ஏதும் குறையோ?"

அவசரப்பட்டுக் குறை என்று சொல்ல மாட்டேன். முதலில் அந்தக் கிளினிக் அறையைப் பார்க்க வேண்டும்.

விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது: உட்காது, தசையும் மூட்டும் உள்ளங்காலும், கண். முதல் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். சின்னப் பிள்ளைகளிடம் அதிகாரம் செலுத்துவது மூன்றாவது.

1974இல் டேவிட் லீ, எரிக் அரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான அறையில் செய்த சோதனை இதைக் காட்டியது. தரை அசையாது, சுவர்களும் கூரையும் மட்டும் தொங்கியபடி முன்னும் பின்னும் நகரும். நிற்கப் பழகி அதிக நாளாகாத குழந்தைகளை உள்ளே நிறுத்தி, எதிர்ச்சுவரை அவர்கள் பக்கமாக மெல்ல நகர்த்தினார்கள். யாரும் தொடவில்லை, தரையும் ஆடவில்லை. ஆனால் குழந்தைகள் பின்பக்கமாகச் சாய்ந்தன; சில விழுந்தே விட்டன. சுவரை விலக்கினால் முன்பக்கமாகச் சாய்ந்தன. காரணம் அழகானது. சுவர் நெருங்கினால் கண்ணில் விழும் காட்சி விரியும். நாம் முன்னால் சரியும்போதும் அப்படியேதான் விரியும். 'சரிகிறேன்' என்று நம்பிய மூளை உடலைப் பின்னுக்கு இழுக்கிறது. இல்லாத சரிவைத் திருத்தப்போய் உண்மையாகவே விழுகிறது! ஸ்ரேசனில் பக்கத்து ரயில் நகர, நாங்கள் இருக்கும் யாழ்தேவி நகர்வதாக ஏமாறுகிறோமே, அதே ஏமாற்றுத்தான். பெரியவர்களுக்கு உள்ளங்கால் உடனே உண்மையைச் சொல்லிவிடும். மூன்று செய்திகளையும் பெரியவர்களைப் போல எடைபோடும் பழக்கம் பிள்ளைகளுக்கு ஏழு வயதளவில்தான் ஓரளவு வந்து சேர்கிறது.

இப்போது கிளினிக்கை நினையுங்கள். கண்முன்னே ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள், யன்னல் சீலை ஆடுகிறது. காலில் மேசு, கீழே வழுக்குகிற ரைல்ஸ். மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவன் தள்ளாடாமல் என்ன செய்வான்?

சோதனையும் ஓர் ஊரில் பிறந்ததுதான். அமெரிக்கரான டேல் உல்ரிச் 1985இல் முதலில் வெளியிட்ட, ஓடுதல், கெந்துதல், எறிதல் போன்றவற்றை அளக்கும் பெருந்தசை இயக்கத் தேர்வு உலகெங்கும் புழங்குகிறது. அதன் பிந்தைய பதிப்புகளில் ஒரு கம்பத்தின் மேல் அசையாமல் இருக்கும் பந்தை மட்டையால் அடிக்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளைக்கு அது பேஸ்போல். எறிந்து வரும் பந்தையே அடித்துப் பழகிய முள்ளியவளைப் பிள்ளை, இந்தப் பந்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும். செய்து காட்டி, ஒருமுறை பழகவிட்டு, அதன் பிறகே இரண்டு தடவை புள்ளியிட வேண்டும் என்பது அந்தப் பதிப்புகளின் விதி. கூட்டம் நெரிந்தால் முதலில் பறிபோவது பழகவிடும் அந்த ஒருமுறைதான். விலையுயர்ந்த கருவிகளுக்குக் கொட்டும் ஆய்வுப் பணத்தில் கொஞ்சத்தை வன்னி முற்றங்களில் பிள்ளைகளை அளந்து பார்க்கவும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

மகனை வேறொரு நாள், ஆட்கள் குறைந்த நேரத்தில், வெறுங்காலோடு, அசையாத கதவுநிலை ஒன்றைப் பார்த்தபடி நிற்கவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் கெந்துவதைப் போனில் படம் பிடித்துக் குடும்பநல மாதுவிடம் காட்டலாம். ஆனால் வீட்டிலும் அடிக்கடி விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, நாவூறு கழித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.