மன அழுத்தம் இல்லை, நினைப்புச் சுமை

பாம்பனில் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படக்கதை ஒன்றைத் தமிழில் சுருக்கிச் சொல்லி, ‘மெண்டல் லோட்’ என்பதற்கு ‘மன அழுத்தம்’ என்று போட்டிருந்தார்கள். இந்தத் தப்பை நான் பார்ப்பது நாலாவது தடவை.

எம்மா என்ற பெயரில் வரையும் பெண் 2017இல் வெளியிட்ட கதை அது. வீட்டுக்காரி பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டே விருந்தாளிக்குச் சமைக்கிறாள். பாத்திரம் பொங்கி வழிகிறது. கணவன் ஓடிவந்து, “என்னைக் கேட்டிருக்கலாமே, உதவியிருப்பேனே!” என்கிறான். என்னென்ன வேலை கிடக்கிறது என்று எந்நேரமும் மண்டையில் வைத்திருப்பதே தனி வேலை, அந்தப் பாரம்தான் மெண்டல் லோட் என்பதுதான் கதை. சமூகவியலாளர் மோனிக் ஐக்கோ 1984லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஊரெல்லாம் பரப்பியது இந்தப் படக்கதை. பிரெஞ்சில் ‘ஷார்ஜ் மொந்தால்’. ஷார்ஜ் என்றால் சுமை.

மன அழுத்தம் என்றால் நோய் என்றுதான் காதில் விழும். கடலில் பாசி எடுக்கப் போகிற அக்காமாரைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போதே மண்டைக்குள் குழுத் தவணை, மகனின் ஃபீஸ், தீரப்போகிற கேஸ் சிலிண்டர், தண்ணி வண்டி வருகிற நாள். வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறினால் ஊர்க்கதை பேசிச் சிரிக்கிறார்கள். இவர்களுக்கா மன அழுத்தம்? சொல் தப்பினால் மருந்தும் தப்பும். துண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூச்சுப் பயிற்சி போட்டிருந்தார்கள். மூச்சடக்கி முங்குகிறவளுக்கு மூச்சுப் பயிற்சி! வேலையைப் பாதி எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டு ஆம்பளைகளுக்கு ஒரு வரி இல்லை.

‘மனச்சுமை’ என்கிறார்கள் சிலர். அது யாரிடமாவது அழுது இறக்கி வைப்பது. ‘உளச்சுமை’ அதுவேதான், சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் துக்கத்தையும் தவணைத் தேதியையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது. ‘நினைவுச் சுமை’ என்றால் பழைய காதல். மெண்டல் லோட் என்றே விடலாம் என்றால், மெண்டல் என்பதற்கு நம் தெருவில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல்லை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் என்ன?

வீட்டில் நாம் சொல்வது “எல்லாம் என் நினைப்புலதான் கெடக்கு” என்றுதான். ஆகவே நினைப்புச் சுமை.

அக்கா மகள் கைபேசியில் படக்கதை வரைகிறாள். அதில் காலிக் குடத்தைப் பார்த்து அண்ணன் கேட்கிறான்: “சொல்லியிருந்தா பிடிச்சிருப்பேன்ல?” இவள்: “தண்ணி வண்டி ஹாரன் ஒனக்குக் கேக்காதா?” தலைப்பை நினைப்புச் சுமை என்று மாற்றச் சொன்னேன், மாற்றினாள். அண்ணன்காரன் பார்த்துவிட்டு, “ஒனக்கு ரொம்பத்தான் நினைப்பு” என்றானாம். அந்தப் பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவள் அதை அடுத்த கட்டமாக வரைந்துவிட்டாள்.