அப்பாவின் முகம் ஏன் மஞ்சள்?

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளில் 'இடப்பெயர்வு' என்று ஓவியப் போட்டி வைத்தால் பிள்ளைகள் அதிகம் யோசிப்பதில்லை. சிங்கப்பூரிலோ, வளைகுடாவிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். தடுமாறுவது நடுவர்களாக உட்காரும் நாம்தான். கறுப்பு என்றால் மன அழுத்தம், சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்று கைப்பேசியில் சுற்றும் பட்டியலை ராசிபலன் போல நம்பிவிடுகிறோம்.

கேட்டால், கண்ணில் பட்டதை அப்படியே வரையாமல் மனத்தில் பட்டதை நிறத்தால் காட்டிய எக்ஸ்பிரஷனிச ஓவியர்கள் அப்படித்தான் தீட்டினார்கள் என்பார்கள். 1911இல் ஜெர்மனியின் மூனிக் நகரில் 'நீலக் குதிரைவீரன்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கிய இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரான்ஸ் மார்க்குக்கு மஞ்சள் மென்மையும் மகிழ்ச்சியும் தரும் நிறம். காண்டின்ஸ்கிக்கோ பார்ப்பவர் மேல் பாய்ந்து எரிச்சலூட்டும் நிறம். குழு ஒன்று, மஞ்சள் இரண்டு! தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கரேக்கு எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்கு மரபு உண்டு. இவர்களுக்கு அப்படிப் பொதுவான மரபு எதுவும் கிடையாது. ஒவ்வொரு படத்திலும் நிறத்துக்குப் புதிதாகப் பொருள் தேட வேண்டும்.

ஒரு மாணவி அப்பாவின் முகம் முழுவதையும் கண்ணைப் பறிக்கும் பச்சை கலந்த மஞ்சளில் தீட்டியிருந்தாள். "காமாலையா?" என்று நடுவர் ஒருவர் சிரித்தார். அவளையே கேட்டோம். அப்பாவுக்கு வெளிநாட்டில் கட்டுமான வேலை. வேலையிடத்திலிருந்தே காணொளியில் அழைப்பதால், ஒளிரும் பாதுகாப்புச் சட்டையோடுதான் எப்போதும் தெரிவார். திரையில் அந்த நிறம்தான் முதலில் வரும், முகம் அப்புறம். எந்தப் பட்டியலில் இருக்கிறது இந்த மஞ்சள்?

இடப்பெயர்வையே வரைந்த எக்ஸ்பிரஷனிச ஓவியர் ஒருவரைப் பார்ப்போம். லாசர் செகால் இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸில் பிறந்த யூதர். ஜெர்மனியில் எக்ஸ்பிரஷனிஸ்டாக வளர்ந்து 1923இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர். 1939 முதல் 1941 வரை 'குடிபெயர்வோர் கப்பல்' என்ற பெரிய ஓவியத்தைத் தீட்டினார். மேல்தளம் நிறைய மனிதர்கள். படம் முழுக்க மண், காவி, சாம்பல். அழுகைக்கென்று தனி நிறம் இல்லை; கப்பலும் ஆட்களும் ஏறக்குறைய ஒரே நிறம். ஆனால் ஒருவர் தலை கவிழ்ந்திருக்கிறார், இன்னொருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார். மங்கிய நிறம் நம்மை அருகில் போய் ஆள் ஆளாகப் பார்க்க வைக்கிறது.

அதே மண்நிறம் வேறு வேலையும் செய்யும். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து இப்போது ஆட்கள் வருகிறார்கள். அவர்களை நம் பிள்ளைகள் வரையும்போது வரிசையாக ஒரே பழுப்பு, கண் மூக்கு கிடையாது. சிங்கப்பூர் மாமாவுக்கு மட்டும் சட்டையின் கட்டம் வரை வண்ணம் உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அந்த ஆட்களை நாம் பேசுவதும் அப்படித்தானே? "அதில் ஒருவர் என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று கேட்டால் போதும், அடுத்த நாள் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். (வண்ணப்பெட்டியில் 'தோல் நிறம்' என்று வரும் இளஞ்சிவப்புக் குச்சியை நான் எடுத்து வைத்துவிடுவேன். டெல்டாவில் யாருக்கு அந்தத் தோல்?)

படத்தில் கறுப்பு அதிகம் என்பதற்காக மட்டும் பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்பாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் பேச்சும் மாறியிருந்தால் அனுப்புங்கள். அப்போது படம் வண்ணமயமாக இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். போட்டி நடத்துகிறவர்கள் தாளின் பின்பக்கம் பிள்ளை இரண்டு வரி எழுத இடம் விட்டு, மதிப்பெண் போடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.