மூடி போடும் கல்லீரல், கழற்றும் பாக்டீரியா

பெருங்குடல் புற்றுநோய்க்கு நரம்பு வழியே ஏற்றும் இரினோடீக்கான் மருந்து, உடம்புக்குள் போகும்போது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதி அதில் ஒரு பகுதியை வெட்டியதும் எஸ்என்-38 பிறக்கிறது. வீரியம் 100 முதல் 1,000 மடங்கு. டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ்-1 நொதியை இது முடக்க, டிஎன்ஏ அறுந்து செல் சாகிறது.

இந்த நஞ்சை வெளியேற்றக் கல்லீரலின் யூஜிடி1ஏ1 நொதி அதன்மேல் சர்க்கரை வகைப் பொருளான குளுக்குரோனிக் அமிலத்தை மூடியாக மாட்டுகிறது. மூடி போட்ட மருந்து பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. அப்படியே மலத்தில் போய்விட்டால் தொல்லையில்லை. ஆனால் ஈ.கோலை உள்ளிட்ட பல பாக்டீரியாக்களுக்கு அந்த மூடிதான் தீனி. பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதியால் அதைக் கழற்றித் தின்றுவிட்டு, நஞ்சைக் குடலிலேயே விட்டுவிடுகின்றன. குடல் உட்சுவர்ச் செல்கள் வேகமாகப் பிரிபவை. முதல் அடி அவற்றுக்குத்தான். மருந்து ஏற்றி 24 மணி நேரம் கழிந்தபின் வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு இது முக்கியக் காரணம், அதற்குக் கொடுக்கும் மருந்து லோபெரமைடு. 24 மணிக்குள் வருவது வேறு கதை, நரம்புத் தூண்டலால் வருவது; அதற்கு அட்ரோபின். இரண்டையும் ஒன்றென நினைத்தால் வைத்தியம் தவறும்.

ஆன்டிபயாடிக்கால் பாக்டீரியாவைக் கூண்டோடு ஒழிப்பது முரட்டு வழி, வேண்டியவையும் சாகும். 2010இல் எலிகளிடம் செய்த ஆய்வில், பாக்டீரியாவைக் கொல்லாமல் அந்த நொதியை மட்டும் தடுத்தே வயிற்றுப்போக்கைக் குறைத்தார்கள்.

மூடி எவ்வளவு தயாராகும் என்பது மரபணுவின் கையில். யூஜிடி1ஏ1 மரபணுவை இயக்கும் முன்பகுதியில் ‘டிஏ’ என்ற எழுத்து இணை வழக்கமாக 6 முறை வரும். சிலரிடம் 7. நொதியின் வடிவம் மாறாது, உற்பத்திதான் குறையும். தாய், தந்தை இருவழியிலும் 7 வந்தவருக்கு எஸ்என்-38 ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கி வெள்ளையணுக்களைச் சாய்க்கிறது. அதனால் அவர்களுக்குத் தொடக்க அளவைக் குறைப்பார்கள். (பட்டினி கிடந்தால் கண் லேசாக மஞ்சளிக்கும் கில்பர்ட் நிலைக்கும் பெரும்பாலும் இந்த 7தான் காரணம். மஞ்சள் நிறக் கழிவான பிலிருபினுக்கும் மூடி போடுவது அதே நொதி.)

கட்டிக்குள்ளேயே குடியேறும் பாக்டீரியாவும் உண்டு. வாயில் வசிக்கும் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், புற்றுச்செல்லின் டிஎல்ஆர்4 உணர்வியைத் தட்டி மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்களான மைக்ரோஆர்என்ஏக்கள் இரண்டைக் குறைக்கிறது என்று 2017இல் தெரியவந்தது. அவை தன்விழுங்கல் மரபணுக்களுக்குப் பிரேக். பிரேக் விட்டதும் செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்து, ஆக்சாலிபிளாட்டின், 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்துகளிலிருந்து பிழைத்துக்கொள்கிறது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் இந்தப் பாக்டீரியா கூடவே போயிருந்ததைக் கண்டது.