ஊர்ப்பெயராக்கம்: ‘டெஸ்டினேஷன் பிராண்டிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

ஓர் ஊரின் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர் மனத்தில் என்ன தோன்ற வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்ப ஊரைப் பேணி, அதைப் பலரும் அறியச் செய்வதைச் சுற்றுலாத் துறையினர் ‘டெஸ்டினேஷன் பிராண்டிங்’ என்கிறார்கள். சின்னம் வரைவதும் பலகை வைப்பதும் அதில் சிறு பகுதிதான்.

‘பிராண்டு’ என்பது பழைய ஜெர்மானிய மொழிகளில் நெருப்பையும் கொள்ளிக்கட்டையையும் குறித்தது. காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குச் சூடு போட்டு உடைமைக்குறி இடுவதற்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம் பீப்பாய், பெட்டி என்று சரக்குகளுக்குத் தாவி, கடைசியில் வணிகப் பெயரையே குறிக்கலாயிற்று. சூடு போடுகிறவர் உடையவர். மாட்டிடம் யாரும் கேட்பதில்லை. இந்தப் பழைய பொருள் ஊர்களின் விஷயத்தில் இன்னும் விட்டுப்போகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தமிழில் ‘வணிகக்குறி’, ‘வணிக முத்திரை’ என்று எழுதுகிறார்கள். சோப்புக்கும் சட்டைக்கும் சரி, ஊருக்குப் பொருந்தாது. கொங்கு நாட்டில் இதற்கான வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. மஞ்சளுக்குப் பேர்போனது ஈரோடு என்கிறோம். மரியாதைப் பேச்சுக்குப் பேர் வாங்கியது கோவை என்கிறோம்; ‘வாங்க, உட்காருங்க’ என்ற அந்தப் பேச்சை எந்த விளம்பரக்காரரும் எழுதித் தரவில்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு பின்னால்தான் கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்துவிட்டார்கள். ஆகவே ‘ஊர்ப்பெயராக்கம்’ என்பதே பொருத்தம். இதில் செய்கிறவர் ஊர்க்காரர். ஊரும் இயற்கையும் கெடாமல் நீடிப்பதைக் குறிக்கும் ‘சஸ்டெய்னபிள்’ என்பதையும் சேர்க்க வேண்டுமானால் ‘பேண்தகு சுற்றுலா ஊர்ப்பெயராக்கம்’ எனலாம். கொஞ்சம் நீளம், ஆனால் புரியும்.

இதற்கு நான் முதலில் காட்டும் ஊர் வெள்ளோடு. ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியில் உள்ள பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் சமயத்தில்தான் தீபாவளியும் வருகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, கம்பி மத்தாப்பு உண்டு, சரவெடி கிடையாது. ஆண்டுதோறும் தீபாவளிச் செய்திகளில் அந்தக் கிராமங்களின் பெயர் வருவது இதனால்தான். ஒரு குழந்தையிடம் பட்டாசு வேண்டாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அதை ஊரே சேர்ந்து செய்திருக்கிறது.

‘நேஷன் பிராண்டு’ என்ற தொடரை 1990-களில் பரப்பிய சைமன் ஆன்ஹோல்ட்டும், ஒரு நாட்டின் நற்பெயர் அது செய்யும் காரியங்களால் வருவது, விளம்பரத்தால் வாங்க முடியாதது என்றே பிற்பாடு வலியுறுத்தினார்.

‘ஊர்க்காரர்களையும் ஈடுபடுத்துவோம்’ என்று திட்டங்களில் எழுதுகிறார்களே, அந்த ‘உம்’ எனக்கு உறுத்துகிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் உள்ள கொடிவேரி அணைக்கு ஒரு திட்டம் வந்தால், பரிசல் ஓட்டுகிறவரும் கரையில் மீன் பொரித்து விற்கிற அம்மாவும் முதல் கூட்டத்திலேயே உட்கார வேண்டும். சின்னம் வரைந்து முடித்த பிறகு கைதட்ட மட்டும் கூப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரின் பெயரை என்ன சொல்லி வெளியே கொண்டுபோவது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை வண்டிகளை விடுவது, குப்பையை யார் அள்ளுவது, நுழைவுக் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அங்கே வைத்துப் பேசலாம்.