மாதிரித் துண்டைத் துவைத்தீர்களா?

இந்த மாதத்தில் இப்படிப் பாழான மூன்றாவது ஸ்வெட்டர் இது. குன்னூரில் என்னிடம் பின்னல் கற்ற ஒரு அம்மா, உத்தராகண்டின் குமாவுன் மலைப்பக்கம் கையால் நூற்ற கம்பளி நூலை வாங்கி, கணவருக்காக நான்கு மாதம் உட்கார்ந்து பின்னியிருந்தார். முதல்முறை நனைத்துக் காயவைத்ததும் தொளதொளவென்று தொங்கிவிட்டது. "நூல் மட்டம் போலிருக்கு" என்றார். நூலில் ஒரு குறையும் இல்லை. ஸ்வெட்டரைத் தொடங்கும் முன் அளவு பார்க்கப் பின்னும் சிறு மாதிரித் துண்டையும் பின்னி அளந்திருக்கிறார். துவைக்கவில்லை. "சின்னத் துண்டுதானே, அதை எதுக்குத் துவைக்கணும்?"

இதைக் கேட்டுக் கேட்டு மனசு நொந்துவிட்டது. அழுக்குப் போகவா துவைக்கச் சொல்கிறோம்? நூற்கும்போது இழுபட்ட நூல் தண்ணீர் பட்ட பிறகுதான் தளர்ந்து, உப்பி, தன் பருமனுக்கு வரும். அதற்கு முன் எடுக்கும் அளவு அந்த நூலின் அளவே அல்ல. கணக்கைப் பாருங்கள். துவைக்காத துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் வளையம். மார்புச் சுற்று 100 செ.மீ. என்று 200 கண்ணி போட்டார். துவைத்தபின் அதே 10 செ.மீ.யில் 18 கண்ணிதான். 200 கண்ணி இப்போது 111 செ.மீ. இரண்டே கண்ணி வித்தியாசத்தில் அரைச் சாண் கூடிவிட்டது!

நூல் வீணாகிறதாம். ஒரு மாதிரிக்கு 10, 15 கிராம் ஆகும். கடைசியில் நூல் போதாவிட்டால் அதையும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். வேறு நூலில் பின்னிய பழைய மாதிரியின் அளவும் உதவாது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் வளர்க்கும் நீலகிரி ஆட்டில், மெல்லிய கம்பளி தரும் மெரினோ இனத்தின் கலப்பு உண்டு. அந்த மெல்லிய கம்பளியும் சொரசொரப்பான மலையாட்டுக் கம்பளியும் நனைந்தபின் ஒன்றுபோல் இருக்காது.

சரி, முதலில் சிட்டத்தையே, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டையே, வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல், துவாலையில் சுற்றி அழுத்தி, நிழலில் தொங்கவிடுங்கள். கனம் கட்டாதீர்கள், அதனால் இழுபட்டு நீண்ட நூல் அப்புறம் சுருங்கும். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே மாதிரியையும் துவைத்து, விரித்துக் காயவைத்து அளந்து பாருங்கள். தயவுசெய்து வாஷிங் மெஷின் வேண்டாம். கம்பளி இறுகிவிட்டால் மீட்கவே முடியாது.

கைநூலில் ஒரு சிட்டம் போல இன்னொன்று இருக்காது. இரண்டு சிட்டங்களை இரண்டு வரிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். ஒற்றை இழையில் முறுக்கு மிஞ்சினால் பின்னல் ஒருபக்கமாகச் சாயும். புதியவர்கள் இரட்டை இழையே வாங்குங்கள்.

அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்து ஸ்வெட்டரைப் பிரித்தோம். சில இடங்களில் நூல் அறுந்தது. மீதியைச் சிட்டமாகச் சுற்றி நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். காய்ந்ததும் 180 கண்ணியில் தொடங்குவார்.